சாக்கடையிலிருந்து தொடங்க வேண்டிய குடிநீர்த் திட்டம்

எந்த ஊர்க் குடிநீர்த் திட்ட அறிக்கையை வேண்டுமானாலும் எடுத்துப் பாருங்கள். முதலில் ஊரின் வரலாறு இருக்கும், அடுத்து மக்கள்தொகை. முப்பது வருடம் கழித்து ஊரில் எத்தனை பேர் இருப்பார்கள் என்று மூன்று நான்கு முறையில் கணக்குப் போட்டு, வந்த தொகையை 135 லிட்டரால் பெருக்கி, வழியில் கசிவதற்குக் கொஞ்சம் சேர்த்து, "ஒரு நாளைக்கு இவ்வளவு தண்ணீர் தேவை" என்று ஓர் எண்ணை எழுதியிருப்பார்கள். அந்தத் தண்ணீரை எங்கிருந்து கொண்டுவருவது என்பது அதற்கப்புறம்தான் வரும். காவிரி டெல்டாவில் அதற்குப் பெரும்பாலும் ஒரே பதில்: கொள்ளிடம் ஆறு.

இந்த வேலையில்தான் என் பிழைப்பு ஓடுகிறது. நகராட்சிகளுக்கும் பேரூராட்சிகளுக்கும் அளவெடுத்து, வரைபடம் போட்டு, அறிக்கை எழுதிக் கொடுக்கும் சின்ன அலுவலகம் எங்களுடையது. குடிநீருக்கு ஓர் அறிக்கை என்றால் பாதாளச் சாக்கடைக்கு வேறோர் அறிக்கை, வேறு வருடத்தில், பெரும்பாலும் வேறு ஆலோசகர் எழுதியது. மழைநீர் வடிகாலுக்கு இன்னொன்று. குளம் தூர்வார இன்னொன்று. இந்த நான்கையும் ஒரே மேசையில் விரித்து வைத்துப் பார்க்கிற வழக்கம் எங்கேயும் இல்லை. ஒரே ஊரின் நான்கு அறிக்கைகளை அப்படி வைத்துப் பார்த்தபோது எனக்குத் தெரிந்தது இதுதான்: நான்கிலும் பேசப்படுவது ஒரே தண்ணீர். ஒன்றில் வரவாக இருப்பது இன்னொன்றில் செலவாக இருக்கிறது. ஆனால் எந்த அறிக்கையும் மற்றதைப் படித்த மாதிரியே தெரியவில்லை.

"ஒருங்கிணைந்த நகர்ப்புற நீர் மேலாண்மை" என்று இப்போது கருத்தரங்குகளில் நிறையப் பேசுகிறார்கள். ஆறு, குளம், நிலத்தடி நீர், மழை, கழிவுநீர் எல்லாவற்றையும் ஒரே கணக்கில் வைத்துத் திட்டமிட வேண்டும் என்பது அதன் சாரம். நல்ல விஷயம்தான். ஆனால் காவிரி டெல்டாவில் அதை எங்கிருந்து தொடங்குவது என்று யாராவது கேட்டால், என் பதில் கொஞ்சம் முகம் சுளிக்க வைக்கும். சாக்கடையிலிருந்து தொடங்க வேண்டும். ஊரை விட்டு வெளியே போகிற தண்ணீரை முதலில் அளந்து, அது எங்கே போகிறது, யார் வயலில் பாய்கிறது, எந்தக் கிணற்றில் இறங்குகிறது என்று எழுதிவிட்டு, அதற்கப்புறம் குழாய்க்கு வர வேண்டும்.

டெல்டாவின் அமைப்பே இதைத்தான் கேட்கிறது. கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கொள்ளிடம், கல்லணைக் கால்வாய் என நான்காகப் பிரிகிற தண்ணீர், கீழே போகப் போகக் குடமுருட்டி, அரசலாறு, வெட்டாறு, வீரசோழன், முடிகொண்டான் என்று 36 ஆறுகளாகக் கிளைக்கிறது. அந்த ஆறுகளிலிருந்து வாய்க்கால், வாய்க்காலிலிருந்து கன்னி வாய்க்கால். மேலே இருக்கும் வயலில் பாய்ந்தது போக வடிகிற தண்ணீர், கொஞ்ச தூரம் தள்ளிக் கீழே இருக்கும் வயலுக்குப் பாசனம் ஆகிறது. பாசனமும் வடிகாலுமாக இரண்டு வேலையையும் ஒரே வாய்க்கால் செய்கிற இடங்கள் இங்கே ஏராளம். ஒருவர் விட்டதை இன்னொருவர் எடுத்துக்கொள்வார் என்ற ஏற்பாட்டின் மேல்தான் தலைமடை, கடைமடை என்ற பேச்சே நிற்கிறது. ஊர்கள் இந்த வலைக்குள்தான் உட்கார்ந்திருக்கின்றன. திருச்சி நகரத்தின் நடுவே ஓடும் உய்யகொண்டான் ஆயிரம் ஆண்டுப் பழைய பாசன வாய்க்கால். கும்பகோணம் காவிரிக்கும் அரசலாற்றுக்கும் நடுவில் இருக்கிறது. திருவாரூரை ஓடம்போக்கி தொட்டுக்கொண்டு போகிறது. இந்த ஊர்களில் விடுகிற எந்தத் தண்ணீரும் "வெளியே" போவதில்லை, அடுத்த ஊருக்குத்தான் போகிறது.

இதை எனக்குக் கண்ணால் காட்டியவர் ஒரு லஸ்கர், அதாவது மதகுகளைப் பார்த்துக்கொள்ளும் நீர்வளத் துறை ஊழியர். டெல்டாவின் நடுவில் இருக்கும் ஒரு நகரத்தின் கிழக்கு விளிம்பில், மே மாதம், ஒரு வாய்க்கால் தலைப்பில் மட்டம் எடுத்துக்கொண்டிருந்தோம். மேட்டூர் மூடி மாதக்கணக்கில் ஆகிவிட்ட நேரம். ஆறு வெறும் மணலாகக் கிடந்தது. ஆனால் வாய்க்காலில் தண்ணீர் ஓடியது. கணுக்கால் ஆழம், கறுப்பு நிறம், மதகுச் சுவரை ஒட்டி அழுக்கு நுரை. நான் குனிந்து பார்ப்பதைக் கண்டு அவரே வந்தார்.

"இது ஆத்துத் தண்ணி இல்ல சார். டவுன் தண்ணி."

"எந்நேரமும் இப்படித்தான் ஓடுமாண்ணே?"

"காலைல ஏழரை எட்டுக்கு ரெண்டு விரக்கட ஏறும் சார். டவுன்ல குழாய் விட்டுட்டான்னு அர்த்தம். பதினோரு மணிக்கு எறங்கிடும். ஒருநாள் விட்டு ஒருநாள்தான் இந்தக் கணக்கு. குழாய் வராத அன்னிக்கு ஏறாது."

சுவரில் ஒட்டியிருந்த கறுப்புக் கோட்டைக் கையால் தொட்டுக் காட்டினார். நகரத்தில் குடிநீர் வழங்கும் நேர அட்டவணை எங்கள் கையில் இருந்தது. சரிபார்த்தேன், அச்சாக ஒத்துப்போனது. மேலே எத்தனை லிட்டர் அனுப்புகிறோம் என்று அளக்க நீரேற்று நிலையத்தில் கருவி இருக்கிறது. கீழே எத்தனை லிட்டர் வருகிறது என்று அளக்க அந்த ஊரில் இருந்த ஒரே ஆள் அவர்தான். அவர் வேறு துறை. அவருக்குத் தெரிந்தது நகராட்சிக்குப் போகிற வழியே இல்லை.

அதே வாய்க்காலில் இரண்டு மைல் கீழே ஒரு பெரியவரிடம் பேசினோம். ஆற்றில் புதுத்தண்ணீர் வந்ததும் உடனே மடையைத் திறந்துவிடுவீர்களா என்று கேட்டதற்கு, "யாரு தம்பி தொறக்குறது? மொத தண்ணி பூராவும் டவுன் குப்பை. பாட்டில், பை, வெங்காயத்தாமரை, அதுக்கு அடில கறுப்புச் சேறு. ரெண்டு நாள் போவட்டும்னு மடைய அடைச்சுப் போட்ருவோம். அப்பறமும் வயல்ல கால வச்சா அரிக்கும்," என்றார். புதுத்தண்ணீரைக் கையெடுத்துக் கும்பிட்டு வரவேற்கிற ஊர்கள் இவை. ஆடிப் பதினெட்டுக்குக் காவேரியம்மாவுக்குக் காதோலை கருகமணி விடுகிறவர்கள், முதல் தண்ணீருக்கு மடையை அடைக்க வேண்டி வந்திருப்பது எனக்கு மனம் தாங்காத விஷயம்.

இப்போது காலக் கணக்கைப் பாருங்கள். மேட்டூர் திறப்பது மரபுப்படி ஜூன் 12, மூடுவது ஜனவரி 28. அதுவும் தண்ணீர் இருந்தால்தான். 2012 முதல் 2019 வரை எட்டு வருடமும் ஜூன் 12-ல் திறக்க முடியவில்லை. 2017-ல் அக்டோபர் 2 வரை காத்திருந்தோம். 2022-ல் மே 24-லேயே திறந்தார்கள். 2024-ல் ஜூலை 28. ஆக, நல்ல வருடத்திலேயே நாலரை மாதம், மோசமான வருடத்தில் எட்டு மாதம், வாய்க்காலில் ஆற்றுத் தண்ணீர் கிடையாது. அந்த மாதங்களில் டெல்டாவின் ஒவ்வொரு நகரத்துக்குக் கீழேயும் ஓடுவது அந்த நகரத்தின் கழிவுநீர் மட்டும்தான். கலந்து நீர்த்துப்போக நல்ல தண்ணீர் ஒரு சொட்டு இருக்காது. ஆண்டுச் சராசரி போட்டால் இது தெரியவே தெரியாது. நகரங்களுக்கான ஒன்றிய அரசின் அம்ருத் 2.0 திட்டம் 2021-ல் வந்தபோது, ஒவ்வொரு நகரமும் தன் நீர் வரவுசெலவுக் கணக்கைத் தயாரிக்க வேண்டும் என்று கேட்டது. மொத்தத் தேவையில் 20 சதவீதத்தையாவது சுத்திகரித்த நீரால் ஈடுகட்ட வேண்டும், வருவாய் இல்லாமல் வீணாகும் நீரை 20 சதவீதத்துக்குக் கீழே கொண்டுவர வேண்டும் என்றெல்லாம் குறியும் வைத்தது. நல்ல தொடக்கம் என்றுதான் சொல்வேன். ஆனால் வருடத்துக்கு ஒரு தொகை எழுதி முடித்துவிட்டால் டெல்டாவுக்கு அது உதவாது. இங்கே கணக்கை மாதவாரியாக, தைக்கு ஒன்று, சித்திரைக்கு ஒன்று, ஐப்பசிக்கு ஒன்று என்று எழுத வேண்டும்.

அளவும் சின்னது இல்லை. 1.4 லட்சம் பேர் இருக்கும் ஓர் ஊரை எடுத்துக்கொள்வோம். 2011 கணக்கெடுப்பில் கும்பகோணம் ஏறக்குறைய அந்த அளவு. ஆளுக்கு 135 லிட்டர் என்றால் ஒரு நாளைக்கு 1 கோடியே 89 லட்சம் லிட்டர். அதில் 80 சதவீதம் கழிவுநீராகத் திரும்பும் என்பது பொறியாளர்கள் வழக்கமாகப் பிடிக்கும் கணக்கு. அதாவது நாளொன்றுக்கு ஒன்றரைக் கோடி லிட்டர். சம்பா அறுவடையை ஒட்டி வயலில் உளுந்தும் பயறும் தெளிக்கிற காலம் மேட்டூர் மூடுகிற காலம்தான். ஓர் ஏக்கரை ஒரு முறை நனைக்க, இரண்டு அங்குல உயரத்துக்கு விட்டால், சுமார் 2 லட்சம் லிட்டர் பிடிக்கும். இரண்டு மாதத்துக் கழிவுநீரை ஒழுங்காகச் சுத்திகரித்து அனுப்பினால், ஏக்கருக்கு இரண்டு நனைப்பு வீதம் 2,200 ஏக்கர். வழியில் மண் குடிப்பதைக் கழித்தாலும் 1,500 ஏக்கருக்குக் குறையாது. ஈரம் காய்ந்து உளுந்து பூவிலேயே கருகுகிற பங்குனி வெயிலில் இரண்டு நனைப்பு என்றால் என்னவென்று விவசாயிக்குத்தான் தெரியும்.

காவிரி நடுவர் மன்றமே இந்தத் திரும்பி வரும் தண்ணீரைக் கணக்கில் வைத்துத்தான் தீர்ப்பு எழுதியது. ஊர்களுக்குக் குடிநீராக எடுப்பதில் 20 சதவீதம்தான் உண்மையில் செலவு, மீதி ஆற்றுப் படுகைக்கே திரும்பிவிடும் என்று எடுத்துக்கொண்டது. 2018 பிப்ரவரி 16-ல் உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டுக்கு மாநில எல்லையில் இருக்கும் பிலிகுண்டுலுவில் வர வேண்டிய அளவை 192-லிருந்து 177.25 டிஎம்சியாக (ஒரு டிஎம்சி நூறு கோடி கன அடி) குறைத்தது அல்லவா, குறைந்த அந்த 14.75-ல் 4.75 டிஎம்சி பெங்களூரு நகரத்துத் தேவைக்காக. மீதி 10 டிஎம்சி? தமிழ்நாட்டுக்கு நிலத்தடி நீர் இருக்கிறது என்று சொல்லிக் கழித்துக்கொண்டது. எனக்கு அந்தத் தீர்ப்பில் ஆறாத வருத்தம் உண்டு. ஆனாலும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்: ஆற்று நீர், நிலத்தடி நீர், நகரத் தேவை மூன்றையும் ஒரே கணக்கில் வைத்துப் பார்த்தது டெல்லி. நம் ஊர்களில் இன்னும் அந்த மூன்றும் தனித்தனிக் கோப்பு. நம் காலடித் தண்ணீரை வரவு வைத்துக்கொண்டு ஆற்றுப் பங்கைக் குறைத்திருக்கிறார்கள் என்றால், அந்தக் காலடித் தண்ணீரைச் சாக்கடையாலும் உப்பாலும் கெடுத்துக்கொள்வது இருமடங்கு இழப்பு.

சரி, பாதாளச் சாக்கடை போட்டுவிட்டால் தீர்ந்துவிடாதா என்று கேட்பார்கள். இங்கேதான் டெல்டா மற்ற ஊர்களிலிருந்து வேறுபடுகிறது. கும்பகோணம் கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 25 மீட்டர். கடல் சுமார் 50 கிலோமீட்டர் தள்ளி. அப்படியென்றால் நிலத்தின் சரிவு கிலோமீட்டருக்கு அரை மீட்டர்தான். 200 மில்லிமீட்டர் கழிவுநீர்க் குழாயில் கசடு தங்காமல் ஓட வேண்டும் என்றால் 250 மீட்டருக்கு ஒரு மீட்டர் இறக்கம் வேண்டும். கிலோமீட்டருக்கு 4 மீட்டர். நிலம் அரை மீட்டர் இறங்குகிற தூரத்தில் குழாய் 4 மீட்டர் இறங்கியாக வேண்டும். ஒரு கிலோமீட்டர் போவதற்குள் குழாய் ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்கு ஆழத்தில் இருக்கும். அப்புறம் அங்கே ஓர் உந்து நிலையம் கட்டி மேலே ஏற்றி, மறுபடி இறக்கி, மறுபடி ஏற்ற வேண்டும். ஒவ்வோர் உந்து நிலையமும் மின்சாரத்தை நம்பியது. கஜா மாதிரி ஒரு புயல் வந்து மின்சாரம் போனால் கழிவுநீர் ஆள்நுழைவுத் தொட்டி வழியாகத் தெருவுக்கு வரும்.

ஐப்பசி கார்த்திகையில் இன்னொன்று நடக்கிறது. நிலத்தடி நீர் மட்டம் மேலே ஏறி, தோண்டினால் இரண்டடியில் ஊற்று வரும். அப்போது பூமிக்குள் புதைத்த குழாய் இணைப்புகள் வழியாக நல்ல தண்ணீர் உள்ளே புகுந்துவிடும். சுத்திகரிப்பு நிலையத்துக்கு வடிவமைத்ததை விட மிக அதிகமாக வரும், பாதி சுத்திகரிக்காமலே வெளியே போகும். குழாய் இணைப்பு கசிகிற இடத்தில் சுற்றியுள்ள வண்டல் மணல் உள்ளே இழுபட்டு, மேலே சாலை திடீரென்று உள்வாங்கும். டெல்டா ஊர்களில் இந்தப் பள்ளங்களைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். பாதாளச் சாக்கடை வேண்டாம் என்று சொல்லவில்லை. ஊர் முழுவதற்கும் ஒரே நிலையம் என்று கிலோமீட்டர் கணக்கில் இழுத்துக்கொண்டு போவதை விட, ஊரை நான்கைந்து துண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் பக்கத்திலேயே சின்ன நிலையம் வைப்பதுதான் இந்த மண்ணுக்குச் சரி. சுத்தமான நீர் பக்கத்து வாய்க்காலிலேயே இறங்கும், வயலுக்குத் திரும்பக் கொண்டுபோகத் தனிக் குழாய் வேண்டாம். இடம் கிடைப்பது கஷ்டம்தான். நான்கைந்து இடத்தில் நாற்றம் வருமோ என்று மக்கள் எதிர்ப்பார்கள், அதில் நியாயமும் உண்டு. அந்தப் பேச்சை அறிக்கை எழுதும் முன்பே வார்டு வார்டாக உட்கார்ந்து பேசி முடிக்க வேண்டும்.

செப்டிக் டேங்க் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பல வீடுகளில் அது டேங்கே இல்லை. நாலைந்து உறை இறக்கி அடியைத் திறந்து விட்டிருப்பார்கள். கோடையில் இறங்கும். மழைக்காலத்தில் "கக்கூஸ் தண்ணி எறங்கல" என்று வீட்டுக்கு வீடு கேட்கலாம். அந்த மாதங்களில் உறையும் அடிபம்பும் ஒரே தண்ணீரில் நிற்கின்றன. லாரி வந்து உறிஞ்சிக்கொண்டு போனால், அந்த லாரி எங்கே கொட்டுகிறது என்பதையும் கணக்கில் எழுத வேண்டும்.

இனி வரவுப் பக்கம். மணல்.

திருச்சியில் கம்பரசம்பேட்டை போனால் ஆற்றுக்குள் பெரிய வட்டக் கிணறுகள் எழுந்து நிற்பதைப் பார்க்கலாம். காவிரி, கொள்ளிடப் படுகைகளில் இப்படிப்பட்ட சேகரிப்புக் கிணறுகள் நிறைய. ஆற்று மணலுக்குள் அகலமான கான்கிரீட் கிணற்றை இறக்கி, அதன் அடியிலிருந்து நாலா பக்கமும் சல்லடைக் குழாய்களைக் கிடைமட்டமாக மணலுக்குள் செலுத்தியிருப்பார்கள். மேலே ஆறு ஓடினாலும் ஓடாவிட்டாலும் மணலுக்குள் நிற்கிற தண்ணீர் வடிகட்டியபடி கிணற்றுக்கு வரும். கலங்கல் இருக்காது, குளோரின் போட்டு அனுப்பினால் போதும் என்கிற அளவுக்குத் தெளிவாக இருக்கும். தஞ்சாவூர் நகரம் தொடங்கி வேதாரண்யம் கடற்கரைக் கிராமம் வரை, அந்தப் பக்கம் ராமநாதபுரம் வரை, குழாயில் போவது இந்த மணல் கொடுக்கிற தண்ணீர்தான்.

ஒரு கணக்குப் போடுங்கள். ஒரு கிலோமீட்டர் நீளம், அரை கிலோமீட்டர் அகலம், 6 மீட்டர் ஆழத்துக்கு மணல். அதில் எடுக்கக்கூடிய தண்ணீர் ஐந்தில் ஒரு பங்கு என்று பிடித்தால் 60 கோடி லிட்டர். நாம் மேலே சொன்ன 1.4 லட்சம் பேர் ஊருக்கு ஒரு மாதத்துக்கு மேல் வரும். எந்த அணையும் கட்டாமல், ஆவியாகாமல், வடிகட்டியோடு சேர்ந்த நீர்த்தேக்கம் அது. இதில் ஒரு மீட்டர் மணலை வாரிவிட்டால் 10 கோடி லிட்டர் போயிற்று. ஊருக்கு ஐந்து நாள் தண்ணீர். படுகை தாழ்ந்தால் சல்லடைக் குழாய்க்கு மேல் இருக்கும் மணல் மெலிகிறது, வெள்ளம் வந்தால் நேராகக் கலங்கல் தண்ணீர் கிணற்றுக்குள் இறங்கும். கிணறு இருக்கும் இடத்தில் மணல் எடுக்கக் கூடாது என்று விதி இருந்தாலும், சற்றுத் தள்ளி எடுத்தாலும் படுகை சமமாவதற்காக இங்கிருந்து மணல் அங்கே நகரும். 2018 ஆகஸ்ட் 22 இரவு முக்கொம்பில் கொள்ளிடம் மேலணையின் 9 மதகுகள் இடிந்து போனதை நாம் பார்த்தோம். 1830-களில் ஆர்தர் காட்டன் கட்டியது. வயதாகிவிட்டது என்பதோடு, படுகை தாழ்ந்ததும் அன்று பெரிதாகப் பேசப்பட்டது.

மணலை விற்கிற துறை ஒன்று. அதே மணலிலிருந்து தண்ணீர் எடுக்கிற வாரியம் வேறொன்று. எந்த ஊர்க் குடிநீர்த் திட்ட அறிக்கையிலும் "நீராதாரம்: கொள்ளிடம்" என்று எழுதுகிறோம். "நீராதாரம்: இந்த எல்லைக்குள் இத்தனை மீட்டர் மணல்" என்று எழுதி, அது குறையாமல் இருக்க யார் பொறுப்பு என்று பக்கத்தில் பெயர் போட வேண்டும்.

கடலோரத்தில் இந்த அலட்சியத்துக்குத் தண்டனை வேகமாக வருகிறது. உப்புத் தண்ணீர் கனமானது, நல்ல தண்ணீர் அதன் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் நல்ல தண்ணீர் ஓர் அடி நின்றால், அடியில் சுமார் 40 அடி ஆழம் வரை உப்பை அழுத்திப் பிடித்திருக்கும் என்பது நிலத்தடி நீரியலின் பாலபாடம். அதன் மறுபக்கம்: மேலே ஓர் அடி குறைந்தால் கீழே உப்பு 40 அடி ஏறும். நாகப்பட்டினம் பக்கம் போர்வெல்லில் நல்ல தண்ணீர் வந்துகொண்டிருந்த வீடு, ஒரு கோடையில் உப்புக்கு மாறி, அப்புறம் எத்தனை மழை பெய்தாலும் திரும்பாமல் போவது இதனால்தான். கடைமடையில் வாய்க்காலும் குளமும் கோடைவரை கொஞ்சமாவது ஈரமாக இருக்க வேண்டியது பயிருக்காக மட்டும் இல்லை.

குளத்துக்கு வருவோம். "கோயில் ஐந்து வேலி, குளம் ஐந்து வேலி, ஓடை ஐந்து வேலி" என்று திருவாரூரில் சொல்வார்கள். வேலி என்பது பழைய நில அளவு, சுமார் 6.6 ஏக்கர். கமலாலயம் 33 ஏக்கர். மன்னார்குடி ஹரித்ரா நதி 23 ஏக்கர். தஞ்சாவூரில் சேவப்ப நாயக்கன் ஏரியில் மழைநீரைத் தேக்கி, அங்கே தெளிய வைத்து, நிலத்தடிக் கால்வாய் வழியாகச் சிவகங்கைக் குளத்துக்கும் அங்கிருந்து நகரத்துக் குளங்களுக்கும் கொண்டுவந்த ஏற்பாட்டை ஜலசூத்திரம் என்று இன்றும் சொல்கிறார்கள். அந்த ஏற்பாட்டை, 2011 கணக்கெடுப்பிலேயே சுமார் இரண்டே கால் லட்சம் பேர் இருந்த இந்த ஊருக்கு அப்படியே திரும்பக் கொண்டுவரலாம் என்று யாராவது மேடையில் பேசினால் நான் கைதட்ட மாட்டேன். அன்றைக்கு ஊர் சின்னது, தேவை குறைவு. நான் எடுத்துக்கொள்ள விரும்புவது வேறு. சாலை மழைநீரை எந்தக் குளத்துக்கு அனுப்புவது, எந்தக் குளத்தில் முதலில் தெளிய விடுவது, நிறைந்தால் எங்கே வழிய விடுவது என்று ஊர் முழுவதையும் ஒரே கணக்கில் யாரோ ஒருவர் வைத்திருந்தார். இன்று குளம் அறநிலையத் துறையிடம், குளத்துக்கு வரும் வாய்க்கால் நீர்வளத் துறையிடம், வாய்க்கால் மேல் இருக்கும் கடை நகராட்சி வரிப் பதிவேட்டில், பக்கத்துச் சாலை வடிகால் நெடுஞ்சாலைத் துறையிடம். குளத்தைத் தூர்வாரிக் கல் பதித்து விளக்குப் போட்டுத் திறந்துவிடுகிறார்கள். வருகிற வாய்க்கால் அடைபட்டே இருப்பதால் அடுத்த கோடையில் போர் போட்டுக் குளத்தை நிரப்புகிறார்கள்.

சுத்திகரித்த கழிவுநீரைக் கோயில் குளத்தில் விடலாம் என்று சில இடங்களில் யோசனை சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. எவ்வளவு சுத்தம் செய்தாலும் அதில் தங்கும் பாஸ்பரஸ் பாசியை வளர்த்துவிடும்; அதை விட, கையில் அள்ளித் தலையில் தெளித்துக்கொள்கிற தண்ணீரில் மக்களின் நம்பிக்கையைச் சோதித்துப் பார்க்க வேண்டியதில்லை. அந்தத் தண்ணீருக்கு வயல் இருக்கிறது. சென்னையில் கோயம்பேட்டிலும் கொடுங்கையூரிலும் தலா 4.5 கோடி லிட்டர் கழிவுநீரை மூன்றாம் நிலை வரை சுத்திகரித்துத் தொழிற்சாலைகளுக்கு விற்கிறார்கள். அங்கே வாங்க ஆலை இருக்கிறது. டெல்டாவில் அந்த அளவு ஆலைகள் இல்லை, டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கிய 2020-ன் சட்டத்துக்குப் பிறகு இந்த மண்ணின் திசையும் தெளிவாகிவிட்டது. இங்கே வாங்குகிறவர் உளுந்து விதைக்கிறவரும் பருத்தி போடுகிறவரும்தான். அவரிடம் காசு கேட்க முடியாது. ஆனால் அவர் அதை எடுத்துக்கொண்டால் அவருடைய போர் அவ்வளவு நேரம் ஓடாது, அந்த நிலத்தடி நீர் ஊருக்கு மிஞ்சும். இந்த மிச்சத்தை வரவாக எழுதத் தெரிந்தால்தான் அது ஒருங்கிணைந்த கணக்கு.

சென்னையைச் சொன்னதால் வீராணத்தையும் சொல்ல வேண்டும். கொள்ளிடத்தில் கீழணையிலிருந்து வடவாறு வழியாக நிறைகிற ஏரி, கொள்ளளவு 1.465 டிஎம்சி. சுமார் 45,000 ஏக்கர் பாசனம் அதை நம்பி இருக்கிறது. 2004 முதல் அதிலிருந்து நாளொன்றுக்கு 18 கோடி லிட்டர் வரை சென்னைக்குப் போகிறது. டெல்டாவின் வடக்கு ஓரத்து விவசாயியும் இருநூறு கிலோமீட்டருக்கு அப்பால் அடுக்குமாடியில் இருப்பவரும் ஒரே மதகைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். இரண்டு பேருக்கும் தண்ணீர் வேண்டும். யாருக்கு எந்த மாதத்தில் எவ்வளவு என்று எழுதி வைக்காவிட்டால் வறட்சி வருடத்தில் கடைமடைக்காரர்தான் தோற்பார்.

கும்பகோணத்தில் அடுத்த மகாமகம் 2028-ல். லட்சக்கணக்கில் ஜனம் வரும். குடிநீர், கழிப்பறை, குளத்து நீர் மூன்றுக்கும் சேர்த்துத்தான் ஏற்பாடு நடக்கும், வேறு வழியே இல்லை. எல்லாத் துறையும் ஒரே அறையில் உட்காருகிற அபூர்வமான சந்தர்ப்பம் அது. அந்தக் கூட்டம் திருவிழா முடிந்ததும் கலையாமல், மாதம் ஒருமுறை தொடர்ந்து நடக்க வேண்டும் என்று நான் பேசுகிற இடத்திலெல்லாம் கேட்கிறேன். மாநகராட்சி, குடிநீர் வடிகால் வாரியம், நீர்வளத் துறை, அறநிலையத் துறை, மாசுக் கட்டுப்பாடு வாரியம், அவர்களோடு கீழ்வாய்க்கால் விவசாயிகள் இரண்டு பேர். மேசையில் ஒரே ஒரு தாள்: அந்த மாதம் ஊருக்குள் வந்த தண்ணீர், போன தண்ணீர், மணல் மட்டம், பத்துக் கிணறுகளின் உப்பு அளவு.

இதற்குப் பெரிய நிதி தேவையில்லை. ஊர்க் கழிவு வாய்க்காலில் சேருகிற ஒவ்வொரு வாயிலும் ஒரு சின்ன அளவுத் தடுப்பு. இரும்புத் தகட்டில் முக்கோணமாக வெட்டியது, உள்ளூர்ப் பட்டறையிலேயே செய்துவிடலாம். பக்கத்தில் சுவரில் ஓர் அளவுகோல். காலை எட்டு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் பார்த்து எழுத ஓர் ஆள். கிணற்று உப்பைப் பார்க்க சட்டைப்பையில் வைக்கிற கருவி போதும், பள்ளிக்கூடப் பிள்ளைகளே படித்துச் சொல்வார்கள். ஒரு முழு வருடம், ஒரு ஜனவரி 28-லிருந்து அடுத்த ஜனவரி 28 வரை, இதை எழுதி வைத்துவிட்டு எங்களைப் போன்றவர்களை அறிக்கை எழுதக் கூப்பிடுங்கள். வாய்க்காலில் அளவுகோல் நடுகிற இடங்களை மட்டும் அந்த லஸ்கர் மாதிரி ஒருவரைக் கூட்டிக்கொண்டு போய்த் தேர்ந்தெடுங்கள். எங்கள் வரைபடத்தில் இல்லாத வாய்கள் அவர்களுக்குத் தெரியும்.